நல்லாய் இருக்கிறன் அம்மா

1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் ஒன்று யாழ்ப்பாணம் இணுவிலில் எங்கள் ஒழுங்கையால் போனது. வலிகாமத்தில் இருக்கிற எல்லோரும் உடனே தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று அதில் இருந்த குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த மாதம் 17ஆம் திகதி இராணுவம் தொடங்கிய ‘ரிவிரெச’ நடவடிக்கை எங்கள் பக்கமாக நெருங்கிக்கொண்டிருந்தது. ஷெல் சத்தம் நாளுக்கு நாள் கிட்டக் கேட்டது. ஆனாலும் ஊர் முழுவதும் ஒரே இரவில் எழும்பிப் போகவேண்டி வரும் என்று நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை அம்மா வடித்து ஒரு வாளிக்குள் கொட்டினார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என்னுடைய உயர்தரப் பெறுபேறு, கொஞ்சம் அரிசி, சீனி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய். தம்பியின் சைக்கிள் கரியரில் அம்மம்மாவை இருத்தி, ஹாண்டிலின் இரண்டு பக்கமும் பைகளைக் கொழுவினோம். பெற்றோல் தடையால் அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் சைக்கிள்தான் வாகனம். கடைசியாக அம்மா மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். பசுவையும் கன்றையும் அவிழ்த்து விட்டார். இருந்த வைக்கோல் முழுவதையும் பிரித்துப் போட்டார். கிணற்றில் அள்ளித் தொட்டியை நிரப்பினார். வெளியே போய் மேயட்டும் என்று படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

வலிகாமத்தை விட்டு வெளியேற இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று கோப்பாயிலிருந்து கைதடிக்கு. மற்றது செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்துக்கு. நாங்கள் செம்மணியால் போனோம். சாதாரண நாளில் சைக்கிளில் ஆறுதலாகப் போய்ச் சேருகிற தூரத்தை அன்றிரவு விடிய விடிய நடந்தோம். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் ஒடுங்கிய வீதி, அதில் இலட்சக்கணக்கான சனம். ஒரு அடி வைத்தால் அடுத்த அடி வைக்க நெடுநேரம் நிற்கவேண்டும். மழையும் பிடித்துக்கொண்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல், குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, அதில் சேர்ந்த மழைத்தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கிய தாய்மாரை நான் பார்த்தேன். வயதானவர்கள் வீதியோரத்திலேயே இருந்துவிட்டார்கள். சிலர் பிறகு எழும்பவே இல்லை. அம்மம்மா சைக்கிளில் இருந்தபடி தேவாரம் பாடிக்கொண்டு வந்தார். குரல் அடைத்த பிறகும் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் மாமரத்தின் கீழ் கொட்டில் போட இடம் தந்தது. டிசெம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாண நகரில் சிங்கக்கொடி ஏற்றப்பட்டதைச் சைக்கிள் டைனமோவில் ஓடிய வானொலியில் கேட்டோம். அம்மம்மா அந்தக் கொட்டிலிலேயே காலமானார். 1996இல் தென்மராட்சியும் இராணுவத்தின் கையில் வந்தபோது தம்பி கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனான். நானும் அம்மாவும் இணுவிலுக்குத் திரும்பினோம். வீட்டில் கதவும் இல்லை, ஓடும் இல்லை. மாட்டையும் கன்றையும் அம்மா பல நாட்கள் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினார்.

கனடாவில் இருந்து எனக்குக் கலியாணப் பேச்சு வந்தது 1997இல். அம்மாதான் தீர்மானித்தார். காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலை போய், அங்கிருந்து கொழும்பு. வெள்ளவத்தை லொட்ஜில் பொலிஸ் பதிவோடு விசாவுக்குக் காத்திருந்த மாதங்களைப்பற்றி எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. 1998 கார்த்திகையில் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன்.

நான் வந்து சில கிழமைகளில், 1999 ஜனவரியில், அந்த நகரத்தில் பெரும் பனி கொட்டியது. கொட்டி முடிய மறுபடி கொட்டியது. சுரங்க ரயில்கூடத் தடைப்பட்டது. நகரபிதா மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். எனக்கு அந்தச் செய்தி தெரியாது. அப்போது எனக்கு ஆங்கிலத்தில் செய்தி கேட்டு விளங்காது. பஸ்ஸுக்காக நின்ற என்முன்னால் இராணுவ வாகனம் ஒன்று வந்து நின்றது. சீருடையோடு ஆட்கள் குதித்து இறங்கினார்கள். என் கை தன்பாட்டில் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடியது. அவர்கள் என்னைக் கடந்து போனார்கள். கையில் இருந்தவை மண்வெட்டிகள். பஸ் தரிப்பிடத்தைச் சுற்றிக் கிடந்த பனியை வெட்டி அள்ளி, ஒரு முதியவரைக் கைபிடித்து வீதியைக் கடத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. சீருடை போட்டவர்கள் சனத்துக்கு உதவுகிற இடமும் உலகத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டேன். எனக்கு ஏன் என்னுடைய ஊரில் அது கிடைக்கவில்லை என்ற கேள்வியும் அன்றே தொடங்கியது.

ஸ்காபறோவில் எங்கள் முதல் வீடு ஒரு பேஸ்மென்ற். அதன் சின்ன யன்னலால் நடந்து போகிறவர்களின் சப்பாத்துகள்தான் தெரியும். பகலில் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை, பின்னேரம் அரசாங்கம் இலவசமாக நடத்திய ஆங்கில வகுப்பு. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 2003இல் முதியோர் பராமரிப்புப் பயிற்சியை முடித்து, ஒரு நேர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே அந்த வேலையைப் பி.எஸ்.டபிள்யு. என்பார்கள். முதியவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, மலசலம் துடைப்பது, தீத்துவது, படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பது.

இந்த வேலையைப்பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். நான் வளர்ந்த ஊர், யார் யாருடைய உடம்பைத் தொடலாம், யார் யாருடைய அழுக்கை அள்ளவேண்டும் என்பதைப் பிறப்பை வைத்துப் பிரித்து வைத்திருந்த ஊர். அள்ளத் தேவையில்லாத பக்கத்தில் நான் பிறந்தேன். எங்கள் வளவுக்குள் வந்து வேலை செய்த பெண்ணுக்குத் தனிப் பேணியில்தான் தேத்தண்ணீர் கொடுப்போம். செம்மணி வீதியில் அந்தப் பேணிகள் எல்லாம் ஒரே மழையில் நனைந்தன. ஆனாலும் மீசாலையில் கொட்டில் போட்டதும் யார் எந்தக் கிணற்றில் அள்ளுவது என்ற கதை மறுபடி எழும்பியது. இடம்பெயர்வு அதை அழிக்கவில்லை. என்னளவில் அதை அழித்தது இந்த வேலைதான். முன்பின் தெரியாத ஒரு மனிதரின் உடம்பைத் துடைத்துச் சுத்தமாக்கி, பவுடர் போட்டு, புது விரிப்பில் படுக்கவைக்கும்போது அவருடைய முகத்தில் வருகிற ஆறுதல் இருக்கிறதே, அதற்கு நான் காரணமாக இருப்பதில் எனக்குப் பெருமை. ‘ஒஃபிஸ் வேலை’ என்று சொல்லும்படி உறவினர்கள் எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக்கு வந்து நான் என்ன வளர்ந்தேன் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லுவேன்.

நேர்சிங் ஹோமில் என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒரு எஸ்தோனியப் பாட்டி இருந்தார். எண்பது வயது தாண்டியவர். மறதி நோயில் அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டாகக் கழன்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் கொடுக்கிற பாணைத் தாளில் சுற்றித் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பார். அறையைத் துப்புரவு செய்கிறவர்கள் எடுத்து எறிந்தால் அன்று முழுவதும் ஏங்கி அழுவார். நான் எறியவில்லை. பழைய பாணை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு துண்டை அதே தாளில் சுற்றி வைப்பேன். மீசாலைக் கொட்டிலில் அம்மாவும் தலைமாட்டில் ஒரு பேணி அரிசி வைத்திருந்தார். எவ்வளவு பசித்தாலும் அதைத் தொடவிட மாட்டார்.

அந்தப் பாட்டி சாரெமா என்ற தீவில் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். 1944இல் ஜேர்மன் படை பின்வாங்க, சோவியத் படை மறுபடி உள்ளே வந்தபோது, பல்லாயிரம் எஸ்தோனியர்கள் மீன்பிடிப் படகுகளில் பால்டிக் கடலைக் கடந்து சுவீடனுக்கு ஓடினார்கள். அவர்களில் கனபேர் சில வருடங்களில் அங்கிருந்து கனடாவுக்கு வந்தார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் நூலகத்தில் எடுத்து வாசித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவர் சொன்னது மட்டும்தான். ஒருநாள் காலை நான் அவருக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். என்னுடைய நாடு எது என்று கேட்டார். சொன்னேன். ஏன் வந்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த ஒக்ரோபர் இரவைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“மாட்டை அவிழ்த்து விட்டீர்களா?”

அவிழ்த்து விட்டோம் என்றேன். “நாங்களும்” என்றார். அவருடைய அப்பா கொட்டில் கதவைத் திறந்துவிட்டுக் கரைக்கு ஓடிவந்ததாகவும், படகு விலகும்போது பால் கறக்காத மாடுகள் கத்தியது கேட்டதாகவும் சொன்னார். இரண்டு பேரும் அழுதோம். கால் கழுவிய தண்ணீர் ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அவரிடம் நான் நிறையக் கேட்டேன். எனக்கு முன்னால் ஐம்பது வருடம் அகதியாக வாழ்ந்து பார்த்த ஒருவர் அவர். என்னுடைய கேள்வி ஒன்றுதான்: எப்போது சந்தோஷமாக இருக்கத் தொடங்கினீர்கள்? தெளிவாக இருந்த நாட்களில் அவர் கதை கதையாகச் சொன்னார். புரோட்வியூ அவெனியூவில் இருந்த எஸ்தோனியர் இல்லத்தில் பாட்டுக்குழுவில் சேர்ந்தது, ஏரிக்கரையில் சின்ன மரவீடு கட்டியது, பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்கியது. அவருடைய தாய் சுவீடனில் இருந்தபடி ஊருக்காக அழுதே இறந்தாராம். தான் மட்டும் பாடுவது சரியா என்று முதலில் கூசியதாகவும், பாடினால்தான் அந்தப் பாட்டுகள் சாகாது என்று ஒரு கட்டத்தில் விளங்கியதாகவும் சொன்னார். 1991இல் எஸ்தோனியா மறுபடி சுதந்திரம் பெற்ற பிறகு போய்ப் பார்த்தாராம். கொட்டில் இருந்த இடத்தில் மரங்கள் வளர்ந்திருந்தனவாம். கடைசி மாதங்களில் அவருக்கு ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. நான் தமிழில் கதைப்பேன், அவர் எஸ்தோனிய மொழியில் கதைப்பார்.

அவர் சொன்னதை அப்போது நான் காதால் கேட்டேன். மனம் ஏற்கவில்லை. ஏனென்றால் எங்களுக்குப் போர் முடிந்திருக்கவில்லை. 2009 தை மாதத்திலிருந்து தம்பியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வன்னியில் சனத்தை ஒரு துண்டுக் கடற்கரைக்குள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்த கையோடு ரொறன்ரோ நகர மையத்தில் மனிதச் சங்கிலியில் போய் நின்றேன். மே 10ஆம் திகதி சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்தபோது நானும் பிள்ளைகளோடு இருந்தேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பிறந்தநாள் இல்லை, புதுவருடம் இல்லை, வாய்விட்டுச் சிரிப்பு இல்லை. பிள்ளைகள் தொலைக்காட்சியில் எதையோ பார்த்துச் சிரித்தாலும் எனக்கு நெஞ்சு பதறும். ரொறன்ரோவில் மட்டுமல்ல, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ எங்கும் எங்கள் வீடுகள் அப்படித்தான் இருந்தன. அந்தத் துக்கம் சரியானது. அதில் ஒரு சொல்லையும் நான் இன்றைக்கும் திரும்பப் பெறமாட்டேன்.

மே 18ஆம் திகதி எல்லாம் முடிந்தது. தம்பியின் பெயர், போரில் தப்பியவர்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களின் பட்டியலில் பிறகு கிடைத்தது. மனைவியும் மூத்த பிள்ளையும் அவனோடு இருந்தார்கள். சின்னவள் இல்லை.

அந்த ஆடியில் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் கதைக்கும்போது எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர், வேலைக் கஷ்டம், முதுகு நோ, வீட்டுக்கடன் என்று கஷ்டங்களை மட்டுமே அடுக்குவோம். அங்கே அவர்கள் அனுபவிக்கிற துன்பத்துக்கு முன்னால் எங்கள் நன்மைகளைச் சொல்ல வாய் கூசும். அன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, நீ போய் இவ்வளவு வருசம். ஒருநாளாவது நல்லாய் இருக்கிறன் அம்மா எண்டு சொன்னனியே? அதைக் கேக்கத்தானே நான் உன்னை அனுப்பினனான். இங்கை அழுறதுக்கு நாங்கள் காணும் மோனை. நீயும் அழுதால் நான் ஆரைப் பாத்து ஆறுறது?”

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பாட்டி சொன்ன பாட்டுக்குழுதான் நினைவுக்கு வந்தது. கடலுக்கு அந்தப்பக்கம் எஸ்தோனியாவில் பிறந்த ஒருவரும், திரும்பிப் போனபின் இணுவிலைவிட்டு அசையமாட்டேன் என்று நின்ற என் தாயும், ஒருவரை ஒருவர் அறியாமலே எனக்கு ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தப்பி வந்தவர் நிறைவாக வாழ்வது, தப்பாதவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். அம்மாவின் கண்ணில் அது நான் அவருக்குக் கொடுக்கவேண்டிய கடன். அவர் தன்னுடைய தனிமையை விலையாகக் கொடுத்து வாங்கியது என்னுடைய நல்வாழ்வை. அதை நான் வாழாமல் விட்டால் அந்த விலை வீண்.

இதை எழுதுவது சுலபம். பழகுவதற்கு வருடங்கள் பிடித்தன. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். சொல்வதற்கு நல்லது வேண்டுமே, அதனால் அதைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். மகள் பியானோ வாசித்ததை, கார் ஓட்டப் பழகியதை, கொல்லைப்புறத்தில் பயற்றங்காய் காய்த்ததைச் சொன்னேன். இங்கே மே மாதம் விக்ரோறியா தினம் வருமட்டும் கன்று நடக்கூடாது, உறைபனி கருக்கிவிடும் என்றால் அம்மா ஆச்சரியப்படுவார். கறிவேப்பிலையைச் சாடியில் வளர்த்துக் குளிருக்கு முன் வீட்டுக்குள் தூக்கிவைக்கிறோம் என்றபோது, பிள்ளை மாதிரித்தான் என்று சிரித்தார். 2010இல் ஏ9 வீதியால் பஸ்ஸில் ஊருக்குப் போய் அவருடைய பக்கத்தில் படுத்திருந்தேன். 2014இல் அவர் இணுவில் வீட்டிலேயே காலமானார்.

2020 வசந்தம் என்னுடைய வேலையிடத்துக்குப் போர்க்காலம். கனடாவில் கொரோனாவின் முதல் அலையில் இறந்தவர்களில் பெரும்பங்கினர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். ஒன்ராறியோவில் முதலில் ஐந்து இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்பவேண்டி வந்தது. அங்கே கண்டதை அவர்கள் எழுதிய அறிக்கை நாட்டையே உலுக்கியது. இரண்டு மூன்று இல்லங்களில் பகுதிநேரம் வேலை செய்து பிழைத்த பெண்கள் இனி ஓரிடத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்று சித்திரையில் கட்டளை வந்தது. பிலிப்பீன்ஸ், கரீபியன், ஆபிரிக்கா, யாழ்ப்பாணம் என்று எங்கெங்கோ பிறந்த பெண்கள்தான் அந்த அறைகளில் நின்றோம். பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே நிற்க, உள்ளே கண்மூடிய எத்தனையோ பேரின் கையை நான் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் தொற்று பரவாமல் இருக்கத் தனியே படுப்பேன். பயம் இருந்தது. ஆனால் ஓடவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வாழ்க்கையில் ஒருமுறை நான் ஓடியிருக்கிறேன், வீதியோரத்தில் எழும்ப முடியாமல் இருந்தவர்களைக் கடந்து வந்திருக்கிறேன். அன்று நின்று அவர்களைத் தூக்க எங்களிடம் வழி இருக்கவில்லை. இங்கே எனக்கு நிற்க இடம் இருந்தது, நின்றேன். அந்த டிசெம்பர் 14ஆம் திகதி ஒன்ராறியோவின் முதல் கொரோனாத் தடுப்பூசியை ரொறன்ரோவில் ஒரு பி.எஸ்.டபிள்யு.வுக்குப் போட்டார்கள். இடைவேளை அறையில் நாங்கள் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினோம்.

இப்போது எனக்குச் செவ்வாயும் புதனும் ஓய்வு. சமூக நிலையத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நீந்தப் பழகுகிறேன். கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவள் நான். தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மூச்சு விடப் பழகவே நெடுநாள் எடுத்தது. தம்பி கிளிநொச்சியில் தோட்டம் செய்கிறான். சின்னவளின் பெயரில் வருடாவருடம் பள்ளிக்கூடத்துக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்கிறோம். இருந்திருந்தால் அவளுக்கு என் மகளின் வயது. அந்த வலிக்கு என் நிறைவு மருந்தாகவில்லை, அந்த வலியும் என் நிறைவைத் தின்றுவிடவில்லை. இரண்டும் என்னோடு ஒரே வீட்டில் இருக்கின்றன.

இதை வாசிக்கிற பிள்ளைகளில், தாயும் தகப்பனும் ஊரில் இருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் கிழமை அவர்களை அழைக்கும்போது குளிரையும் கடனையும் பிறகு சொல்லுங்கள். உங்களுக்கு நடந்த நல்லது ஒன்றை முதலில் சொல்லுங்கள். அவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.